பூசையின் மேல் பூனை

தியோடோசியா மக்பனுவாவைப் போல ஒரு கோபக்காரியை நான் பார்த்ததில்லை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பள்ளிக்கூடக் கேன்டீனில் தலை நரைக்கும் மட்டும் கரண்டி பிடித்தவள். கஞ்சியில் தண்ணீர் அதிகம் என்று குறை சொன்ன தலைமையாசிரியரையே, "உங்க வீட்டுக் கஞ்சியக் கொண்டாங்க சார், பக்கத்துல வச்சுப் பாப்போம்" என்று கேட்டவள். ஆனால் டோஸ்யாவின் (தியோடோசியாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கோபத்துக்கு முன்னால் என் கோபமெல்லாம் ஆறிப்போன கஞ்சிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பிள்ளைகள் மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மற்ற எல்லார் மேலும் படுவாள்.

வாசிக்கத் திணறும் சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்குவதுதான் அவள் வேலை. ஒரு டீச்சர், ஒரு பிள்ளை, ஒரு பெஞ்சு. அதற்கு நகர நிர்வாகம் சம்பளம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு 'மானியம்' என்று எதையோ கொடுத்தது. மணிலாவில் மீன் துறைமுகத்தை ஒட்டிய பள்ளிக்கூடம் எங்களுடையது. காற்று திரும்பினால் கரும்பலகைகூட மீன் நாறும். வகுப்புக்கே அறை போதாத இடத்தில் இவளுக்கு எங்கே அறை? மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு பெஞ்சைத் தள்ளிப் போட்டார்கள். அதற்கு நேர் எதிரே என் கேன்டீன். அதனால் அங்கே நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இங்கே 'நான்-ரீடர்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் மறந்து போகும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் விளையாட்டு வாத்தியார் படியில் இறங்கிக்கொண்டே, "என்னடா நான்-ரீடர், இன்னும் முதல் எழுத்துலயே நிக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார். அடுத்த நொடி டோஸ்யாவின் ரப்பர் செருப்பு பறந்து போய்க் கதவு நிலையில் பட்டது.

"அடுத்த தடவ கதவுல படாது சார்" என்றாள்.

வாத்தியார் அன்றிலிருந்து பின்பக்கப் படியில்தான் இறங்கினார். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

அவள் பாடம் சொல்லும் முறையே தனி. பிள்ளைக்கு எதிரே உட்கார மாட்டாள். கேட்டால், "எதிர உக்காந்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்குக்கா" என்பாள். தோளோடு தோள் உரச உட்காருவாள். நான் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டி வறுத்து, மூங்கில் குச்சியில் குத்தி விற்பேன். அந்தக் குச்சிகளில் சுத்தமானதாகப் பார்த்து வாங்கிப் போவாள். வாசிக்கும்போது வார்த்தைக்குக் கீழே நகர்த்துவதற்கு. குச்சி பிள்ளையின் கையில் இருக்கும், அவள் கையில் இருக்காது. பிள்ளை தடுமாறி நின்றால் எடுத்துக் கொடுக்க மாட்டாள்; 'தப்பு' என்றும் சொல்ல மாட்டாள். காத்திருப்பாள். ஜீப்னி வண்டி சற்றுத் தாமதித்தால் டிரைவரைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவள், ஒரே ஒரு எழுத்துக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். கதை முடிந்ததும் ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். "சொல்ல வேணாம், காட்டு" என்பாள். பிள்ளை காட்டும்.

அந்த வருஷம் அந்தப் பெஞ்சுக்கு ஜெனலின் வந்தாள். முந்தின வருஷம் சமார் தீவில் புயலில் வீடு போய், அம்மாவும் போய், துறைமுகத்தில் மீன் தொட்டி சுமக்கும் அப்பனிடம் வந்து சேர்ந்த பிள்ளை. மூன்றாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாவது வருஷம். முதல் வருஷமே வாசிப்புத் தேர்வில் அவளை அடி வரிசையில் போட்டுவிட்டார்கள். அந்த வரிசைக்கு 'திணறல்' என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ, அவன் வீட்டுப் பிள்ளைக்கு அதை வைத்துக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அவள் திணறியது எதில் தெரியுமா? ஒரு பூனைக் கதையில். எங்கள் மொழியில் 'மேசா' என்றால் மேசை. 'மீசா' என்றால் கோயிலில் பாதிரியார் வைக்கும் பூசை. எழுத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சமார் மாதிரி விசாயத் தீவுகளில் பிறந்த நாக்குக்கோ 'ஏ'யும் 'ஈ'யும் ஒன்று, 'ஓ'வும் 'ஊ'வும் ஒன்று. ஜெனலின் எழுந்து நின்று, "பூனை மீசாவின் மேல் இருக்கிறது" என்று வாசித்தாள். பூசையின் மேல் பூனை! வகுப்பு உருண்டு உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் 'மீசா'. அன்றிலிருந்து அவள் வாயும் திறக்கவில்லை.

தேர்வு வைத்தவர் திருமதி மனாலாங். பள்ளியின் வாசிப்புக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சேலைக்கு மடிப்பு எடுத்தது மாதிரி பேச்சுக்கும் மடிப்பு எடுத்துப் பேசுவார் என்று சொல்லலாம் என்று பார்த்தால், இங்கே யாரும் சேலை கட்டுவதில்லை. கஞ்சி போட்ட யூனிபார்ம்தான். அந்த அம்மாள் பம்பாங்கா மாகாணத்துக்காரர். அவர்கள் ஊர் நாக்குக்கு வர வேண்டிய இடத்தில் 'ஹ' வராது; வரக்கூடாத இடத்தில் வந்து நிற்கும். நிதானமாகப் பேசும்போது ஒன்றும் தெரியாது. பதற்றம் வந்தால் 'ஹ' துள்ளிக் குதிக்கும். அதற்கு யாரும் ஒரு மதிப்பெண்கூடக் குறைத்ததில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

ஜெனலின் படிக்கட்டுக்குக் கீழே வந்தபோது பல நாள் பேசவேயில்லை. டோஸ்யா குச்சியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தானே மெல்ல வாசித்தாள். பிள்ளை குச்சியை மட்டும் நகர்த்தியது. அப்புறம் ஒருநாள் உதடு அசைந்தது. அப்புறம் ஒருநாள் சத்தம் வந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பூனை மீசாவின் மேல் இருக்கிறது."

டோஸ்யா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "பூனை எங்க இருக்கு? காட்டு" என்றாள்.

ஜெனலின், மேசைக்குப் பதிலாக, பெஞ்சு மேல் படாரென்று அடித்தாள்.

டோஸ்யா விருட்டென்று எழுந்து என் கேன்டீனுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "பாத்தியாக்கா? பாத்தியா? இவளுக்கு வாசிக்கத் தெரியுது! மொத வருஷமே தெரிஞ்சிருக்கு! வாசிச்ச பிள்ளைய வாசிக்கத் தெரியாதுன்னு உக்கார வச்சிருக்காளுங்க பாவிங்க!"

"மெதுவா பேசு, மனாலாங் காதுல விழும்."

"விழட்டும்! ஒரு வருஷத்தத் திருடியிருக்காங்க அக்கா. பிள்ளையோட ஒரு முழு வருஷம்!"

அந்த ஆத்திரத்துக்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. டோஸ்யா காபிஸ்காரி, அவளும் விசாயாதான். ஆசிரியர் படிப்பு முடித்து மணிலாவுக்கு வந்தவள். ஒரு தனியார் பள்ளியில் வேலை கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் மேசையைச் சுற்றி வாங்க" என்பதற்குப் பதில், "பூசையைச் சுற்றி வாங்க" என்றாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷிகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். வேலை போயிற்று. அன்று வீட்டுக்குப் போனவள், கண்ணாடி முன் நின்று, பல்லுக்கு நடுவில் பென்சிலை வைத்துக்கொண்டு, வாய் புண்ணாகும் வரை 'மேசா, மேசா' என்று சொல்லிச் சொல்லி நாக்கை வளைத்தாள். நாக்கு வளைந்தது. அதற்குள் வயது ஏறி, வகுப்பு வேலையெல்லாம் அடுத்தவர்களுக்குப் போய்விட்டது. மிஞ்சியது படிக்கட்டுக்குக் கீழே இருந்த பெஞ்சு. இதை அவள் எனக்குச் சொன்னபோது அழவில்லை. என் கரண்டியைப் பிடுங்கிப் பானையில் அடித்து அடித்துச் சொன்னாள். பானை இன்னும் நசுங்கித்தான் இருக்கிறது.

"அந்தப் பென்சில இந்தப் பிள்ள வாயில நான் வைக்க மாட்டேன்" என்றாள். "மொதல்ல வாசிப்பு. வாய் அப்புறம் தானா வரும். வராட்டியும் போகட்டும்."

சொன்னபடி இருந்திருப்பாள். ஜெனலினின் அப்பா கிரிசாந்தோதான் வந்து கெடுத்தான். நல்லவன்தான், பாவம். தோளில் தொட்டி சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன மனிதன். செதில் ஒட்டிய சட்டையோடு வந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"டீச்சர், இந்த வருஷமும் நாலாவதுக்கு ஏறலன்னா நிறுத்திடுவேன். என் தங்கச்சி இறால் உரிக்கிற கொட்டாயில ஆள் கேக்குறாங்க. சின்னக் கைதான் இறாலுக்கு நல்லதாம்."

"உங்க பொண்ணுக்கு வாசிக்கத் தெரியும்."

"தெரிஞ்சு என்ன டீச்சர்? சிரிக்கிறாங்களே! எங்க வாயி அப்படி. நானும் பேசுனா சிரிக்கிறாங்க, அதனால பேசுறதில்ல, தொட்டிய தூக்குறேன். வாயத் திருத்தி விடுங்க, புண்ணியமாப் போகும்."

அவன் போன பிறகு டோஸ்யா ஒரு பென்சிலைத் தேடி எடுத்தாள். மறுநாள் ஜெனலினின் பல்லுக்கு நடுவில் பென்சில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 'மே... மேசா. மே... மேசா.' கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. இறால் கொட்டகை மேல், சிரித்த வாய்கள் மேல், அந்தப் பாழாய்ப்போன பூனை மேல்.

வருஷக் கடைசித் தேர்வு வந்தது. தனியறையில் வைக்க வேண்டிய தேர்வு. மனாலாங் மொத்த வகுப்பும் உட்கார்ந்திருக்க, முன்னால் ஒரு மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இலவசக் கஞ்சி கொடுக்க நான் பானையோடு உள்ளே நின்றேன். டோஸ்யா வாசலில். ஜெனலின் கையில் குச்சி.

கதை அதே பூனைக் கதைதான், கொஞ்சம் நீட்டியிருந்தார்கள்.

"பூனை மேசாவின் மேல் இருக்கிறது" என்று வாசித்தாள். 'மே' அவ்வளவு சுத்தம். டோஸ்யா மூச்சு விட்டாள். "மீனும் மேசாவின் மேல் இருக்கிறது." அதுவும் சரி. குச்சி நகர்ந்தது. அடுத்த வரியில் கதைக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறாள். அங்கே உண்மையாகவே 'மீசா' என்று எழுதியிருந்தது.

ஜெனலின் நின்றாள். வாயைக் கோணினாள். இல்லாத பென்சிலைக் கடித்தாள்.

"அம்மா... மேசாவுக்குப் போனாள்."

வகுப்பு வெடித்தது. "அம்மா மேசைக்குப் போனாளாம்! மேசையில போய் முழங்கால் போட்டாளாம்!" ஒரு பையன் பெஞ்சு முன் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக் காட்டினான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு எது ஏ, எது ஈ என்றே தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திருத்தினாள். சரியாக இருந்ததையும் திருத்தினாள். கடைசியில் மீனே வேறெதுவோ ஆகிவிட்டது.

"போதும். உக்காரு" என்றார் மனாலாங். பேனாவை எடுத்தார். "திணறல்."

"கேள்வி?" என்றாள் டோஸ்யா, வாசலிலிருந்து.

"இத்தன தப்பு வந்தப்புறம் கேள்வி எதுக்கு?"

டோஸ்யா உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் என் பானை ஆடியது. "கீளுங்க!" என்று கத்தினாள். "கீள்வி கீக்காம எப்படி முடிப்பீங்க? கீள்வியும் தீர்வுலதான இருக்கு!"

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சரும் விசாயாடா!" மறுபடியும் சிரிப்பு. கண்ணாடி முன்னால் அத்தனை நாள் நின்று வளைத்த நாக்கு, கோபத்தில் நிமிர்ந்து தன் ஊருக்கே போய்விட்டது. டோஸ்யாவின் முகம் வெளுத்துப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மனாலாங்குக்கு உதடு ஓரத்தில் சிரிப்பு. "பிள்ளைக்கு ஹெங்கருந்து வந்துச்சுன்னு ஹிப்பதான புரியுது" என்றார்.

சிரித்தாலும் உள்ளுக்குள் அவருக்கும் பதற்றம். 'ஹ' துள்ளிவிட்டது. பிள்ளைகளுக்கு ஆள் பார்த்தா சிரிப்பு வரும்? "ஹெங்கருந்து! ஹிப்ப!" என்று கூரை பறந்தது. எனக்கும் அடி வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. நல்லா வேணும், நல்லா வேணும் என்று கரண்டியைத் தூக்கினேன். மனாலாங்குக்குக் காது வரை சிவந்துவிட்டது.

டோஸ்யா மேசை மேல் ஓங்கி அறைந்தாள்.

"யாரும் சிரிக்கக் கூடாது!"

வகுப்பு அடங்கியது.

"யாரு வாயப் பாத்தும் யாரும் சிரிக்கக் கூடாது. இவ வாயப் பாத்தும் கூடாது. மேடம் வாயப் பாத்தும் கூடாது. இசிங் அக்கா, கரண்டியக் கீழ வைய்யி!"

வைத்தேன். என்ன செய்வது? 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பார்கள். அந்த ஆத்திரத்தில் அந்த அறையில் புத்தியோடு இருந்தது அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் ஜெனலின், யாரும் கேட்காமலே, அந்த மேசையில் டோஸ்யா அறைந்த அதே இடத்தில் தட்டினாள். "பூனை இங்க" என்றாள். ஜன்னலுக்கு வெளியே, தெரு முனையில் இருந்த கோயிலைக் குச்சியால் காட்டினாள். "அம்மா அங்க." பிறகு தன் வயிற்றைத் தொட்டாள். "மீனு, பூனை வயித்துல. அம்மா வந்து பூனைய மொத்தப் போறா."

கடைசி வரி புத்தகத்தில் இல்லை. அது அவளாகவே யோசித்தது.

மனாலாங் பேனாவை மூடினார். திறந்தார். தாளைப் பார்த்து, யாரையும் பார்க்காமல், தாழ்ந்த குரலில் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜெனலின் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், தன் ஊர் வாயாலேயே. ஏ எங்கே போனாலும் ஈ எங்கே போனாலும் பதில் தப்பவில்லை. மனாலாங் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். ஜெனலின் நாலாம் வகுப்புக்கு ஏறினாள். இறால் கொட்டகைக்குக் கிரிசாந்தோ வேறு கை பார்க்கச் சொல்லிவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த ஜூனில் வாசிப்பு டீச்சர்களைக் கூப்பிட்டபோது டோஸ்யாவைக் கூப்பிடவில்லை. தலைமையாசிரியரிடம் நானே போய்க் கேட்டேன். "தெளிவான உச்சரிப்பு உள்ளவங்கதான் இனிமே வேணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க, இசிங்" என்றார். மேலே யார் காதில் யார் ஓதினார்கள் என்று எனக்குத் தெரியாது. தான் இல்லை என்று மனாலாங் சத்தியம் செய்தார். நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஒன்றுதான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். படிக்கட்டுக்குக் கீழே இப்போது துடைப்பமும் வாளியும்தான் இருக்கின்றன. திணறும் பிள்ளைகளுக்குத் தெளிவான உச்சரிப்போடு பேசும் ஒரு டிவி பெட்டியை வைத்திருக்கிறார்கள். அது பிள்ளைக்காகக் காத்திருப்பதில்லை.

டோஸ்யா சும்மா இருப்பாளா? பள்ளி விட்டதும் மதிலுக்கு வெளியே என் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை, ஒரு குச்சி. மானியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை; என் கஞ்சி உண்டு. காலையில் துறைமுகத்தில் மீன் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். அங்கேயும் யாரோடாவது சண்டைதான்.

போன வாரம் ஜெனலின் அந்தப் பெஞ்சில் புதிதாக வந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். 'மேசா'வும் 'மீசா'வும் இன்னும் அவளுக்கு இஷ்டப்படிதான் வரும். வாழைப்பழம் வாங்க வந்த பெரிய வகுப்புப் பையன் ஒருவன் கேட்டுவிட்டுக் கெக்கலித்தான். "பூசை மேல பூனையாம்டா!"

ஜெனலின் நிறுத்தினாள். அழவில்லை. அவன் முகத்துக்கு நேரே குச்சியை நீட்டினாள். குரல் அச்சு அசல் டோஸ்யாவின் குரல்.

"சரி, கேட்டியில்ல? அந்தப் பூனை என்னத்தத் தின்னுச்சு, சொல்லு."

அவன் முழித்தான். சிரிக்கிற மும்முரத்தில் அவன் கதையைக் கேட்கவேயில்லை.